புத்தரா? தீர்த்தங்கரரா?

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்ற சிறு குன்று இருக்கிறது. அங்குள்ள பெரும் பாறையொன்றில், வரிசைக்குப் பன்னிரண்டாக 24 உருவங்கள் தியானத்தில் அமர்ந்திருக்கின்றன. புதிதாகப் பார்ப்பவர் "புத்தர்!" என்று சொல்லிவிடக்கூடும். உண்மையில் இவர்கள் சமண சமயத்தின் 24 தீர்த்தங்கரர்கள்.

எப்படித் தெரியும்? இலையையும் பூவையும் கொண்டு செடியை இனங்காண்கிறோம் அல்லவா? சிலைகளுக்கும் அப்படித்தான்.

முதலில் காதைப் பாருங்கள். இளவரசர் சித்தார்த்தர் கனத்த குண்டலங்களைக் கழற்றி எறிந்து துறவியானார். நீண்ட காது அந்தத் துறவின் சின்னம் என்பார்கள். (தண்டட்டி அணிந்த பாட்டிமாரின் காதை நினைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் தீர்த்தங்கரர்களும் அரச குலத்தில் பிறந்து துறந்தவர்களே. அவர்கள் காதும் நீளம்தான்! சுருள்முடியும் இருவருக்கும் பொது. இவற்றை நம்பி முடிவு செய்யக்கூடாது.

ஆடைதான் நல்ல சாட்சி. புத்தருக்குச் சீவரம் என்னும் துவராடை உண்டு. கல்லில் அது இடத்தோளிலிருந்து மார்பின் குறுக்கே இறங்கும் மெல்லிய கோடாகவே தெரியும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால், தேய்ந்த கோடும் நிழலால் எடுத்துக் காட்டும். நம் பகுதித் தீர்த்தங்கரர் சிலைகளில் ஆடையே இராது.

அடுத்தது கை. அமர்ந்த தீர்த்தங்கரர் கைகள் மடியில்தான் இருக்கும். புத்தரோ சில சிலைகளில் வலக்கையால் பூமியைத் தொடுவார். சிலவற்றில் அபயம் காட்டுவார். உச்சந்தலையில் தீச்சுடர் எழுந்தால் அது ஞானத்தின் அடையாளம், புத்தரேதான். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பல புத்தர்களுக்கு இந்தச் சுடர் உண்டு.

பாம்புப் படம் கண்டால் அவசரப்படாதீர்கள். திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூரில் படத்தின் கீழ் இருப்பவர் பார்சுவநாதர். ஆனால் முசலிந்த நாகம் மழையில் குடைபிடித்த புத்தரும் உண்டு. மறுபடி ஆடையைத்தான் பார்க்க வேண்டும்.

திருநாதர்குன்றில் எழுத்துச் சாட்சியும் இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது.

கல்வெட்டு இல்லாத இடத்தில் உருவமே பேச வேண்டும். சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபடப்பட்ட சிலையைத் தொல்லியல் துறையினர் ஆராய்ந்தார்கள். தலை துண்டாகிப் பின்னர் ஒட்டப்பட்டிருந்தது. தாமரைப் பீடம், தியானக் கைகள், சுருள்முடி, நீண்ட காது எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துப் பார்த்து, அது புத்தர் என்று அறிக்கை தந்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்று, சிலையைத் தொல்லியல் துறையின் பொறுப்பில் விட உத்தரவிட்டது.