புது மதர்போர்டுக்குப் பழைய வின்டோஸ் போதுமா?

கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கும்போது பலரும் கடைக்காரரிடம் சொல்வது இதுதான்: "பழைய வின்டோஸே இருக்கட்டும், பழகிப்போச்சு." இந்த ஆசையில் தப்பில்லை. ஆனால் இதற்குச் சரி சொல்வதா வேண்டாமா என்பது பெட்டிக்குள் எதை மாற்றப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. ரேமைக் கூட்டுகிறீர்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுகிறீர்கள் என்றால் வின்டோஸை மாற்றவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே குளோன் செய்து ஓட்டலாம். மதர்போர்டும் பிராசஸரும் மாறினால்தான் கேள்வி எழுகிறது.

காரணம் டிரைவர்கள். வன்பொருளின் ஒவ்வொரு பாகத்தோடும் வின்டோஸ் பேசுவதற்கு டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். ஒரு வின்டோஸ் வெளிவந்த காலத்தில் இல்லாத வன்பொருளுக்கு அதனிடம் டிரைவர் இருக்காது. 2009-இல் வந்த வின்டோஸ் 7-ஐ இன்றைய மதர்போர்டில் போட்டுப் பாருங்கள். இன்ஸ்டாலேஷனின் முதல் திரை வரலாம். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஆனால் மவுஸ் நகராது, கீபோர்டும் வேலை செய்யாது. வின்டோஸ் 7-க்கு யுஎஸ்பி 3.0 தெரியாது. புதிய சிப்செட்டுகளிலோ பழைய யுஎஸ்பி கன்ட்ரோலரையே எடுத்துவிட்டார்கள். எப்படியோ இதைத் தாண்டினாலும், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி அதன் கண்ணில் படாது. டிரைவர்களை நாமே பென் டிரைவில் சேர்த்து உள்ளே நுழைய வழி உண்டுதான். ஆனால் கடைசியில் கிராஃபிக்ஸ் டிரைவர் கிடைக்காமல் நிற்போம். அந்த உழைப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

வின்டோஸ் 10-இன் நிலைமை இவ்வளவு மோசமில்லை. பெரும்பாலான புதிய மதர்போர்டுகளில் அது ஓடும். 2021-இல் வந்த இன்டெல் 12-ஆம் தலைமுறையிலிருந்து பல பிராசஸர்களில் வேகமான கோர்களும் சிக்கனமான கோர்களும் கலந்திருக்கின்றன. எந்த வேலையை எந்தக் கோருக்குக் கொடுப்பது என்பதில் வின்டோஸ் 11 கூடுதல் தெளிவோடு நடந்துகொள்ளும். வின்டோஸ் 10-க்கு அந்த அளவு விவரம் போதாது. வேறுபாடு இவ்வளவுதான் என்றால் விட்டுவிடலாம்.

விடமுடியாதது பாதுகாப்பு. 2015 ஜூலையில் வந்த வின்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டில் பயன்படுத்துவோர் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டுக்கு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆதரவு முடிந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது, நேற்றுப்போலவே இயங்கும். அதனால்தான் ஆபத்து தெரிவதில்லை. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற தீநிரலை நினைத்துப் பாருங்கள். அது யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஆனால் ஆதரவு முடிந்திருந்த வின்டோஸ் எக்ஸ்பிக்கு, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரமாக ஒரு திருத்தத்தைப் பொதுவில் கொடுத்தார்கள். ஆகவே புது மதர்போர்டு வாங்குபவர் வின்டோஸ் 11-க்கே போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எஸ்எஸ்டி மட்டும் மாற்றுபவர்களும் இதே பாதுகாப்புக்காக வின்டோஸ் 11-க்குப் போக நினைத்தால், முதலில் பிராசஸர் பெயரைப் படிக்கவேண்டும். ஐ5-7400 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. வின்டோஸ் 11-இன் எல்லைக்கோடு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது. ஒருசில விதிவிலக்குகள் போக, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல்லுக்கு அனுமதி. ஏஎம்டியில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து.

அடுத்தது வின்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0. "உங்கள் கம்ப்யூட்டரில் டிபிஎம் இல்லை" என்று திரை சொன்னதும் புது மதர்போர்டு வாங்க ஓடவேண்டாம். எட்டாம் தலைமுறை இன்டெல் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் அது உள்ளேயே இருக்கும், பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் தேடி இயக்கிவிடலாம். பிறகு ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்றிருந்தால் நல்லது. லெகஸி என்றிருந்தால் டிஸ்க்கை ஜிபிடி வடிவத்துக்கு மாற்றவேண்டும். ஃபார்மட் செய்யாமலே மாற்ற வின்டோஸிலேயே கருவி உண்டு. ஆனாலும் முதலில் பேக்கப் எடுத்துவிடுங்கள். 4 ஜிபி ரேம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. 8 ஜிபியாவது இல்லாமல் அதில் நிம்மதியாக வேலை பார்க்கமுடியாது.

தகுதியில்லாத பிராசஸரில் சோதனையை ஏமாற்றி வின்டோஸ் 11 போட்டுத்தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடும். ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, கோர் 2 காலத்துப் பிராசஸர்களில் கிளம்பவே மறுத்தது. அத்தகைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் நல்ல வழி. பிரவுசர், கடிதம், கணக்கு ஆகிய வேலைகளுக்குத் தாராளமாகப் போதும், தமிழும் தட்டச்சு செய்யலாம்.

பழைய வின்டோஸுக்கு நியாயமான இடம் ஒன்று இருக்கிறது. டிடிபி கடையிலோ பட்டறையிலோ 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள ஸ்கேனர், ஸ்டிக்கர் வெட்டும் கருவி, டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருள் இருக்கலாம். வின்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 16 பிட் மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடா. அப்படியானால் அந்தப் பழைய கம்ப்யூட்டரை அந்தக் கருவிக்கே ஒதுக்கி, இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்துருக்களைப் பற்றிக் கவலை வேண்டாம். யூனிகோடுக்கு முந்தைய டிடிஎஃப் எழுத்துருக்களும் வின்டோஸ் 11-இல் நிறுவினால் வேலை செய்யும். கீபோர்டு மென்பொருளைத்தான் சோதித்துப் பார்க்கவேண்டும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டுப்பட்டது, போர்டு மாறினால் வேறு லைசென்ஸ் தேவைப்படும். தனியாக வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் கூடவே கொண்டுபோகலாம். இன்னொன்று பிட்லாக்கர். பல லேப்டாப்களிலும் புதிய வின்டோஸ் 11-இலும் நாம் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். போர்டை மாற்றியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவி தொலைந்தால் அந்த டிஸ்க்கில் உள்ளதை மைக்ரோசாஃப்டாலும் திறந்து தரமுடியாது.