வடுவும் பொறுமையும்

புண் வேறு, வடு வேறு. புண் ஆறியபின் அவ்விடத்தில் எஞ்சி நிற்கும் தழும்பே வடு எனப்படும்.

செட்டிநாட்டுப் பலகாரங்கள் பேர்பெற்றவை. தேவகோட்டை இல்லங்களில் முறுக்கும் அதிரசமும் வேகும்போது, கொதிக்கும் எண்ணெய் தெறித்துக் கையைச் சுடுவதும் உண்டு. சுட்ட இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுதல் வேண்டும். மையும் மாவும் பூசுதல் தீது. பெரும் புண்ணாயின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

தோல் சிதைந்தவிடத்தை உடல் புரத நார்களால் நெய்து மூடுகிறது. விரைந்து நெய்த அந்நார்கள் முதலில் ஒழுங்கின்றிக் கிடக்கும். ஆதலின் வடு சிவந்து தடித்துத் தோன்றும். பின்னர் அவை மெல்ல மெல்லச் சீர்படும். இப்பணி முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதற்குள் மனம் பதறிச் சொறிவதும், கண்ட களிம்புகளைத் தேய்ப்பதும் கேடு விளைக்கும்.

மென்மையான முறைகள் சில உள. புண் நன்கு ஆறியபின் வடுவை விரல் நுனியால் இதமாக நீவலாம். வெயில் அதனைக் கருக்குமாதலின் ஆடையால் மறைத்தல் நன்று. மருத்துவர் சிலிகோன் ஒட்டுத்தாளை இடுவர்; பரந்த தீப்புண் வடுவுக்கு இறுக்கமான ஆடையும் அணிவிப்பர். புண்ணின் எல்லை கடந்து வளரும் வடு 'கெலாய்டு' எனப்படும். அதனை வெட்டி நீக்கினால் மட்டும் போதாது. முன்னினும் பெரிதாய் வளரக்கூடும். ஊசி மருந்து முதலியனவும் உடன் வேண்டும். எம்முறையாலும் வடு முற்றும் மறையாது, மங்கும், மென்மையுறும்.

தீயால் நேர்ந்ததைப் புண் என்ற வள்ளுவர், நாவால் நேர்ந்ததையே வடு என்றார். உடன் பயில்வோர் முகத்துத் தழும்பைச் சுட்டி நகைப்போர், ஆறிய புண்ணின்மேல் ஆறாத வடுவை இடுகின்றனர். அவ்வடுவுக்கு மருந்து எம்மருத்துவரிடத்தும் இல்லை.