விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களுக்குள் இவ்வளவு இருக்கிறது, தெரியுமா?

சென்னையிலிருந்து திருச்சி போகும் பேருந்து விழுப்புரத்தைத் தாண்டி உளுந்தூர்பேட்டை நோக்கி ஓடும்போது, நெடுஞ்சாலை ஓரத்தில் இருவேல்பட்டு என்று ஓர் ஊர் வரும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளம் புகுந்தபோது, மக்கள் சாலையில் மறியலுக்கு உட்கார்ந்ததால் செய்திகளில் அடிபட்டதே, அந்த ஊர்தான். இந்த இருவேல்பட்டைப் பொருளாதார அறிஞர்கள் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள், தெரியுமா?

கதை 1916-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்து சேர்ந்திருந்தார் கில்பர்ட் ஸ்லேட்டர். சாதாரண ஆள் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கென்று நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தின் ஊர்களில் பொதுவாக உழுது, பொதுவாக மாடு மேய்த்த நிலங்களை வேலி போட்டுத் தனியார் சொத்தாக்கிய வரலாற்றை 1907-இல் புத்தகமாகவே எழுதியவர். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலிச் சட்டங்களை அந்த நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர்! இங்கிலாந்து மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்! வேலி போடாமல் தப்பிய திறந்தவெளி வயல்களை இன்றும் பார்க்க வேண்டுமானால் நாட்டிங்காம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் கிராமத்துக்குப் போகலாம்.

ஊர் என்றால் என்ன, அதன் நிலம் யார் கையில், அதன் தொழில்கள் எப்படி நடக்கின்றன என்று தன் நாட்டில் கேட்டுப் பழகிய அந்த மனிதர், சென்னைக்கு வந்ததும் அதே கேள்விகளை நம் பிள்ளைகள் கையில் கொடுத்தார். விடுமுறைக்கு அவரவர் சொந்த ஊருக்குப் போய் விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். நிலம் எவ்வளவு, கிணறு எத்தனை, என்ன பயிர், யார் என்ன தொழில், கூலி எப்படி, கடன் எவ்வளவு என்று மாணவர்கள் திரட்டி வந்ததைத் தொகுத்து 1918-இல் நூலாக்கினார். திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், ராமநாதபுரத்து வடமலைபுரம், தஞ்சாவூர்ப் பாலகுறிச்சி, வடார்க்காட்டுத் தூசி, இவற்றோடு நம் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு!

அதன் பிறகு நடந்ததுதான் பெரிய அதிசயம். 1930களின் நடுவில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மீண்டும் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். 1940-இல் அது நூலாக வந்தது. 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1980களின் தொடக்கத்தில், தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்த எஸ். குஹன், மானிடவியலாளர் ஜோன் மென்ச்சருடன் சேர்ந்து இருவேல்பட்டுக்கு வந்தார். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் வந்தார்கள். ஒரே ஊர், ஐந்து தலைமுறை ஆய்வாளர்கள்! முதல் கணக்கெடுப்பின்போது ரெட்டியார் நிலக்கிழார்களின் பிடியில் இருந்த ஊர் அது. அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, படியாட்களாகக் கட்டுண்டு கிடந்தவர்களின் பிள்ளைகள் எப்படி வயலை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள் என்பதையெல்லாம் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. பெரிய நகரங்களுக்கே கிடைக்காத பாக்கியம் இது!

சரி, அந்தக் காலத்து ஊருக்குள் நுழைவோம். கையில் காசு புழங்காமலே ஓர் ஊரின் தொழில்கள் அத்தனையும் ஓடின, தெரியுமா? தச்சர் ஏர் செய்து கொடுப்பார், வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் பூட்டுவார். கொல்லர் கொழு அடித்துத் தருவார். குயவர் பானை, வண்ணார் வெளுப்பு, நாவிதர் சவரம், தோல் வேலை செய்பவர் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலைக்குச் சால் தைப்பு. ஒவ்வொரு வேலைக்கும் அன்றன்றைக்குக் கூலி என்ற பேச்சே இல்லை. அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்ததும், குடியானவர் அளந்து வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு முன்பே அவரவர் ‘சுதந்திரம்’, அதாவது அவரவர்க்குரிய நெல் பங்கு, மரக்காலால் அளக்கப்படும். ஊர்க்காவல் தலையாரிக்கும் வெட்டியானுக்கும் ஏரி மடையைத் திறந்து மூடும் நீர்கண்டிக்கும் அந்தக் குவியலில் பங்கு உண்டு. மழை பொய்த்தால் குடியானவரோடு சேர்ந்து கொல்லர் பட்டறையும் பட்டினி! அதே காலத்து இங்கிலாந்து ஊரிலும் கொல்லர், சக்கரத் தச்சர், கூரை வேய்பவர் எல்லாரும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கணக்கெழுதிக் காசு வாங்கினார்கள். நம் ஊரில் தொழில் பிறப்போடு ஒட்டிக்கொண்டது, அளக்கும் மரக்காலும் சாதி பார்த்து ஏறி இறங்கியது. இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தை ஆஹா ஓஹோ என்று புகழ எனக்கு மனம் வராது.

ஏற்றம் இறைத்ததைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்! கிணற்றின் மேல் குறுக்கே நிற்கும் நீண்ட துலாமரத்தில் ஓர் ஆளோ இருவரோ ஏறி முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்கள் நடக்க நடக்கச் சால் இறங்கும், ஏறும். கீழே நிற்பவர் தண்ணீரை வாய்க்காலில் சாய்ப்பார். எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கு பாட்டிலேயே வரும். உயரத்தில், ஈரத்தில், விடியற்காலை இருட்டில் வெறுங்காலோடு அந்த நடை! மின்சார மோட்டார் வந்த பிறகு துலாமரங்கள் விறகாகிவிட்டன.

ஊர்த் தலைவரான மணியக்காரர் ஒருவரிடமே எத்தனை அதிகாரம் குவிந்திருந்தது, தெரியுமா? வரி வசூலிப்பது அவர். பிறப்பு இறப்பை எழுதுவது அவர். கிராம முன்சீப் என்ற முறையில் சில்லறைப் பண வழக்கை ஊர்ச் சாவடியில் உட்கார்ந்தபடியே விசாரித்துத் தீர்ப்பு சொல்வதும் அவரே. நிலக் கணக்கு முழுக்கக் கர்ணத்தின் கையில். எந்தக் காணியில் இந்தப் போகம் என்ன பயிர் என்று அடங்கலில் அவர் எழுதியதுதான் எழுத்து. காணி என்றதும் நினைவுக்கு வருகிறது, விழுப்புரம் பக்கம் இன்றும் நிலம் பேசும்போது காணிக் கணக்குதான். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, 132 சென்ட்! ஏக்கரும் ஹெக்டேரும் வந்து எத்தனை காலம் ஆயிற்று, காணி அசையவே இல்லை!

மணியக்காரரின் அதிகாரத்துக்கு ஒரு கொடிய பக்கமும் இருந்தது. 1816-ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குவிதி ஒன்று, சில்லறைச் சண்டைக்காகச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்க ஊர்த் தலைவருக்கு அதிகாரம் கொடுத்தது. ஆள் ‘தாழ்ந்த’ சாதி என்றால் அவரைத் தொழுமரத்தில் காலை மாட்டி 6 மணி நேரம் வரை வைக்கலாம் என்றும் அதே விதி சொன்னது! தொழுமரம் இங்கிலாந்தின் ஊர்களில் தேவாலய வாசலிலும் சந்தைத் திடலிலும் பல நூற்றாண்டுகள் நின்ற தண்டனைக் கருவி. அங்கே குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவரை மாட்டினார்கள். 1872-இல் நியூபரி நகரில் ஒருவரை மாட்டியதோடு அது ஓய்ந்துபோனது. இங்கே அதைச் சாதியோடு கோத்துச் சட்டமாக எழுதிவிட்டார்கள். நெஞ்சு கொதிக்கிறது! பரம்பரை மணியமும் கர்ணமும் தமிழ்நாட்டில் ஒரேயடியாக ஒழிந்தது 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில். இன்று நாம் சான்றிதழுக்குப் போய் நிற்கும் வி.ஏ.ஓ. அலுவலகம் அதற்குப் பிறகு வந்தது.

ஊர்த் தொழில்களில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்: மருத்துவச்சி. பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண்மணிதான் ஊருக்கே பிரசவம் பார்ப்பார். அவர் கைக்கு மிஞ்சிய பிரசவம் என்றால்? 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்க ஆற்காடு மிஷனின் டாக்டர் ஜான் ஸ்கட்டர் வீடு. தாயின் உடல்நலம் சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார் மகள் ஐடா. இந்த நாட்டில் தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. அன்றிரவு ஒரு பிராமணர் கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வேதனை, வந்து காப்பாற்றுங்கள் என்றார். நான் மருத்துவர் இல்லை, அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று அவர் திரும்பிப் போனார். அடுத்து ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில். பிறகு இன்னொரு இந்துக் குடும்பத்தவர். மூன்று வீடு, மூன்று மறுப்பு. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்!

ஐடா கப்பலேறினார், மருத்துவம் படிக்க. 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் சின்ன மருந்தகமாகத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. அதுதான் வளர்ந்து வேலூர் சி.எம்.சி. ஆகி நிற்கிறது! நாடெங்கிலுமிருந்து ரயிலேறி நோயாளிகள் வரும் அந்த மருத்துவமனைக்கு விதை விழுந்த ஊர் நம் திண்டிவனம். ஆனால் அந்த மூன்று பெண்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இனி, கடலோரத்து மரக்காணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரக் கடலோரத்திலிருந்து இறங்கி வரும் பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடம் அது. உப்பும் சவுக்கு விறகும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் அந்த வழியாகச் சென்னை போய்ச் சேர்ந்தன. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் வேலையும் கஞ்சியும் தேடி வந்த மக்கள் வெட்டியதுதான் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு. மரக்காணம் உப்பளங்களில் இன்றும் உப்பு விளைகிறது.

நம் ஊர் அவுரி சகாரா ஓரம்வரை போயிற்று, தெரியுமா? தென்னார்க்காட்டு நிலங்களில் அவுரி விளைந்தது. இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அடித்துக் கலக்கி, நீலத்தை எடுத்தார்கள். அந்தச் சாயம் ஏறிய புதுச்சேரி நீலத் துணி பிரெஞ்சுக் கப்பல்களில் செனகல் போய்ச் சேர்ந்தது. அங்கே கருவேலம் பிசின் வாங்க அந்தத் துணியே பணமாகச் செல்லுபடியானது! 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். ஆலை செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பியதும் அவுரித் தொட்டிகள் காய்ந்துபோயின. ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்த வேதியியல், பார்த்தே இராத ஒரு குடியானவரின் அடுத்த போகத்தை மாற்றி எழுதிவிட்டது.

அதற்குள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்துவிட்டிருந்தது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879-இலேயே ரயில் ஓடத் தொடங்கியது. தென்னார்க்காட்டு மானாவாரி நிலத்து மல்லாட்டை புதுச்சேரித் துறையில் கப்பலேறி பிரான்ஸின் மார்செய் நகருக்குப் போய், எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. அங்கே குளித்தவர்களுக்கு நம் செம்மண் காட்டைத் தெரிந்திருக்குமா! நடுவில் 1890களில் பழைய விதை நலிந்து விளைச்சல் படுத்துவிட, மொரீஷியஸ் பெயரில் வந்த புது விதைதான் கைகொடுத்தது. பண்ருட்டிப் பக்கம் பாலூரில் 1905-இல் அரசு விவசாயப் பண்ணை வந்தது. பிறகு திண்டிவனத்திலேயே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

திண்டிவனம் என்றதும் ஓமந்தூர்க்காரர்களும் நிமிர்ந்து உட்காரலாம். திண்டிவனம் பக்கத்து அந்த ஊரில் 1895-இல் பிறந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை ஓ. பி. ராமசாமி ரெட்டியார், நாடு விடுதலை பெற்ற ஆண்டில் சென்னை மாகாணத்தின் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) இருந்தார். ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் 1947-இலும், ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இலும் வந்தது அவர் காலத்தில்தான்.

மல்லாட்டையில் ஒரு சேதி பாக்கி இருக்கிறது. ஆந்திராவிலோ கர்நாடகாவிலோ விதைக்கடலை வாங்கும் விவசாயி ‘டி.எம்.வி. 2’ என்று கேட்பார். அந்த டி.எம்.வி. யார் தெரியுமா? திண்டிவனம்! குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து பொறுக்கித் தேர்ந்து 1940-இல் வெளியிட்ட ரகம் அது. கடலை மட்டுமா, எள்ளுக்கும் ஆமணக்குக்கும்கூட டி.எம்.வி. ரகங்கள் உண்டு. எத்தனையோ புது ரகங்கள் வந்து போன பிறகும், எண்பது ஆண்டு தாண்டிய அந்த டி.எம்.வி. 2 இன்னும் விதைக்கப்படுகிறது!