மருந்துக் காப்புரிமையும் விலையும்: சென்னையில் நிகழ்ந்த கிளிவெக் வழக்கு

முன்னுரை

1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. அதனால் ஒரே மருந்தை வேறு முறையில் தயாரித்துக் குறைந்த விலைக்கு விற்க இந்திய நிறுவனங்களுக்கு இயன்றது. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையை ஒட்டி, 2005 சனவரி 1 முதல் மருந்துப்பொருளுக்கே காப்புரிமை வழங்கும் முறை வந்தது. இம்மாற்றத்திற்கும் மருந்து விலைக்கும் உள்ள தொடர்பைக் கிளிவெக் வழக்கின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

விலை வேறுபாடு

கிளிவெக் என்பது இமாட்டினிப் மெசிலேட் என்னும் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் இட்ட வணிகப்பெயர். இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்குரிய இம்மருந்தை நோயாளிகள் பல ஆண்டுகள் நாள்தோறும் உட்கொள்ள வேண்டியுள்ளது. வழக்கு நடந்த காலத்தில் இந்தியாவில் கிளிவெக்கிற்கான மாதச் செலவு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்துக்கு அது ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ரூபாயாக இருந்தது. மூலக்கூறு ஒன்றே, விலையை வேறுபடுத்தியது போட்டியாளர் உண்டா இல்லையா என்பதே.

‘திறன்’ என்னும் சொல்

1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் அளித்த விண்ணப்பம், இம்மருந்தின் பீட்டா படிக வடிவத்திற்கானது. அறிந்த பொருளின் புதிய வடிவம், திறனில் மேம்பட்டிருந்தாலன்றிக் காப்புரிமை பெறாது என்பது 2005இல் திருத்தப்பட்ட பிரிவு 3(டி). அதன்படி 2006 சனவரியில் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அப்பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டு 6 அன்று தள்ளுபடி செய்தது. திறன் என்பது நோயைக் குணப்படுத்தும் ஆற்றல் என்று அது பொருள் கொண்டது.

அடுத்து, தேனாம்பேட்டையில் இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் 2009இல் மருந்துப்பொருளுக்கான காப்புரிமையை மறுத்தது. மருந்தின் மிகை விலையையும் அது காரணமாகச் சுட்டியது குறிப்பிடத்தக்கது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிசின் மேல்முறையீட்டை நிராகரித்தது. புதிய வடிவம் உடலில் கூடுதலாக உறிஞ்சப்படுவது மட்டுமே சிகிச்சைத்திறன் ஆகாது என்பது அதன் முடிவு.

தீர்ப்பின் எல்லை

பிரிவு 3(டி) பழைய மருந்தின்மீது உரிமைக்காலம் நீள்வதைத் தடுக்கும். உண்மையில் புதிதான மூலக்கூறின் விலையைக் கட்டுப்படுத்தாது. அதற்குரிய கருவிகளுள் ஒன்று கட்டாய உரிமம். இந்தியாவின் முதல் கட்டாய உரிமத்தைப் பேயர் நிறுவனத்தின் சோராஃபெனிப் மருந்துக்கு 2012இல் நாட்கோ பெற்றது. மாதத்திற்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாய்க்குக் குறைந்தது. 2013 மார்ச்சில் சென்னை வாரியம் இதனை உறுதிசெய்தது.

முடிவுரை

உயிர்காக்கும் மருந்தின் விலையை உற்பத்திச் செலவு மட்டும் தீர்மானிப்பதில்லை. சட்டத்தின் ஒரு சொல்லுக்குக் கொள்ளும் பொருளும் தீர்மானிக்கிறது. கிளிவெக் வழக்கில் அச்சொல் நோயாளியின் பக்கம் நின்றது. புதிய மூலக்கூறுகளைப் பொறுத்தவரை, கட்டாய உரிமத்தைப் பயன்படுத்தும் அரசின் துணிவே விலையை முடிவு செய்யும்.