இலங்கை மலாய் மொழி

இலங்கை மலாய் மொழி என்பது ஆசுத்திரோனீசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மலாய் மொழியின் ஒரு வடிவம் ஆகும். இராமேசுவரத்திலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்தால் உள்ள இலங்கையில், கொழும்பு, கண்டி, அம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்தை ஆகிய இடங்களில் இது பேசப்படுகிறது. இதன் சொற்களில் பெரும்பாலானவை மலாய்ச் சொற்கள். ஆனால் அச்சொற்கள் வாக்கியமாக அமையும் முறை தமிழை ஒத்திருக்கிறது. மொழியியலாளர்கள் இதனைத் தனித்து ஆராய்வதற்கு இதுவே காரணம்.

வரலாறு

ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பைக் கைப்பற்றினர். அதன்பின் இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்து படைவீரர்களையும் அடிமைகளையும் நாடுகடத்தப்பட்ட அரச குடும்பத்தினரையும் இலங்கைக்குக் கொண்டுவந்தனர். சாவகத்தின் மாத்தரம் அரசரான மூன்றாம் அமங்குராத் 1708 இல் இவ்வாறு நாடுகடத்தப்பட்டார். பல தீவுகளிலிருந்து வந்த இவர்களுக்கு மலாய் பொதுமொழி ஆயிற்று. பின்னர் ஆங்கிலேயர் மலாய்ப் படைப்பிரிவுகளை அமைத்தனர். இலங்கை ரைபிள் படை 1873 இல் கலைக்கப்படும்வரை, படை முகாம்களே இம்மொழியின் இருப்பிடமாக விளங்கின.

மலாய் மக்கள் இசுலாமியர். எனவே பள்ளிவாசல், வணிகம், திருமண உறவு ஆகியவற்றின் வழியே தமிழ் பேசும் சோனகரோடு நெருங்கிப் பழகினர். கீழக்கரை முதலிய இராமநாதபுரக் கடற்கரை ஊர்களின் முசுலிம் வணிகரும் இலங்கையோடு நெடுங்காலத் தொடர்பு உடையவர்கள்.

ஒலிகள்

மலேசிய மலாயோடு ஒப்பிட்டால் மூன்று மாற்றங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

1. சொல்லின் முதலிலும் இறுதியிலும் வரும் ஹகர ஒலி மறைகிறது.
2. ஈற்றயல் அசையின் உயிர் பல சொற்களில் நீள்கிறது.
3. சொல்லிறுதி ‘ன்’, ‘ங்’ ஆகிறது.

மழையைக் குறிக்கும் ‘ஹுஜன்’ என்ற சொல் ‘ஊஜங்’ என்று ஆகும்போது இம்மூன்று மாற்றங்களும் ஒருங்கே நிகழ்கின்றன. இதுபோலவே ‘இகன்’ (மீன்) ‘ஈகங்’ என்றும், ‘ருமஹ்’ (வீடு) ‘ரூமா’ என்றும் வழங்குகின்றன. தமிழிலும் சிங்களத்திலும் உள்ளதுபோல் பல்லொலிக்கும் நாவளை ஒலிக்கும் இம்மொழியில் வேறுபாடு உண்டு.

இலக்கணம்

மலேசிய மலாயில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பது சொல்வரிசை. இலங்கை மலாயில் தமிழைப் போலவே வினை இறுதியில் வரும். மலேசிய மலாயில் ‘சாய மகன் நாசி’ (நான் சாப்பிடு சோறு) என்பது, இலங்கை மலாயில் ‘செ நாசி அரமாகங்’ (நான் சோறு சாப்பிடுகிறேன்) என்று அமையும்.

மலேசிய மலாயில் வேற்றுமை உருபுகள் இல்லை. முன்னிடைச் சொற்களே உண்டு. இலங்கை மலாயில் பெயர்ச்சொல்லுக்குப் பின் உருபு சேர்கிறது.

‘யங்’ – ஐ
‘நங்’ – கு
‘பே’ – உடைய
‘க’ – இல்
‘டெரிங்’ – ஆல், இலிருந்து

‘ரூமாக’ என்றால் ‘வீட்டில்’ என்பது பொருள். இவற்றுள் ‘கு’ உருபின் பயன்பாடு குறிப்பிடத்தக்கது. ‘நான் அறியேன்’ என்று எழுவாயில் தொடங்கும் மலாய் வாக்கியம் ‘சாய தீடக் தாஹு’. இலங்கை மலாயர் ‘செடங் தரதாவ்’ என்பர். இது சொல்லுக்குச் சொல் ‘எனக்குத் தெரியாது’ என்பதாகும். ‘செடங் நாசி மாவ்’ என்பது ‘எனக்குச் சோறு வேண்டும்’.

காலம் காட்டுவதில் இம்மொழி தமிழிலிருந்து விலகுகிறது. தமிழில் கால இடைநிலை வினைப்பகுதிக்குப் பின் வரும். இதில் முன் வரும். ‘அர’ நிகழ்காலத்தையும், ‘சு’ இறந்தகாலத்தையும், ‘அந்தி’ எதிர்காலத்தையும் காட்டும். ‘சு’ என்பது ‘முடிந்தது’ எனப் பொருள்படும் ‘சுதஹ்’ என்ற மலாய்ச் சொல்லின் குறுக்கம். திணை, பால், எண், இடம் காட்டும் விகுதிகள் வினையில் இல்லை.

வினையெச்சமும் உண்டு. ‘சாப்பிட்டு வந்தார்’ என்பதிலுள்ள வினைகள் ‘அஸ்மாகங் சுதாதங்’ என அமையும். ‘சொல்’ எனப் பொருள்படும் ‘கத’, தமிழின் ‘என்று’ போலக் கூற்றின் இறுதியில் நிற்கும். தமிழிலும் ‘என்று’ பிறந்தது ‘சொல்’ எனப் பொருள்தரும் ‘என்’ என்ற வினையடியிலிருந்தே.

தமிழா, சிங்களமா?

இம்மாற்றங்களுக்குக் காரணம் எந்த மொழி என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உள்ளது. இயன் சுமித், பி. ஏ. உசைன்மியா முதலியோர் சோனகத் தமிழுக்கு முதன்மை அளித்தனர். உம்பர்ட்டோ அன்சால்டோ முதலியோர் சிங்களத்தின் பங்கையும் வலியுறுத்தினர். தமிழும் சிங்களமும் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்து பல தொடரமைப்புகளைப் பொதுவாகக் கொண்டிருப்பதால், எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துக் காண்பது எளிதன்று.

எழுத்து

இலங்கை மலாயர் அரபு எழுத்தில் மலாயை எழுதினர். உயிர்க்குறிகள் இடப்படாததால் இது ‘குண்டுல்’ (மொட்டை) எனப்பட்டது. கீழக்கரையில் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி மரபோடு இதனை ஒப்பிடலாம். 1869 இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பில் ‘அலாமத் லங்காபுரி’ என்ற மலாய் இதழை அரபு எழுத்தில் வெளியிட்டார்.

இன்றைய நிலை

2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் மலாய் இனத்தவர் 40,000 பேருக்கு மேல் உள்ளனர். ஆனால் அனைவரும் இம்மொழியைப் பேசுவதில்லை. நகரங்களில் இளையோர் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி வருகின்றனர். குழந்தைகள் இதைத் தாய்மொழியாகக் கற்றுவந்த ஊர் என ஆய்வாளர்கள் கிரிந்தையைக் குறிப்பிட்டுள்ளனர். வேறு சில பெற்றோர் தம் பிள்ளைகள் மலேசியத் தர மலாயைக் கற்பதை விரும்புகின்றனர். அவ்வாறு கற்பவர்கள் மலாய்ச் சொற்களை அறிந்துகொள்வர். ஆனால் ‘செடங் தரதாவ்’ போன்ற வாக்கியங்கள் அவர்கள் கற்கும் மொழியில் இரா. செபாசுட்டியன் நோர்தோஃப் 2009 இல் மலைநாட்டு வழக்கிற்கு விரிவான இலக்கணம் ஒன்றை எழுதியுள்ளார்.