தொட்டிச் செடி கேட்பது தண்ணீரையா, வெளிச்சத்தையா?

உங்கள் இல்லத்து முன்கூடத்தில் தொட்டிச் செடி ஏதேனும் இருக்கின்றதா? இருக்குமாயின், மேலே படிக்குமுன் எழுந்து சென்று அதன் மண்ணில் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். ஈரமா, காய்ந்திருக்கின்றதா என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிறகு பேசுவோம்.

எங்கள் உம்மா வஃபாத்தாகிச் சில மாதங்கள் கழித்து, சென்னையில் குடியிருக்கும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். உம்மா தம் கையால் வெட்டிக் கொடுத்தனுப்பிய மணி பிளாண்ட் கொடி மஞ்சளித்து உதிர்கின்றதாம். "நாள் தவறாம ஒரு சொம்பு தண்ணி ஊத்துறேன் காக்கா. என் கைக்கு ராசி இல்ல போல" என்று சொல்லி அழுதேவிட்டாள். ராசி என்றும் சகுனம் என்றும் பேசுவது நமக்கு ஆகாது என்று அப்போது நான் சொன்ன பதில் சரிதான். ஆயினும் அந்தப் பதிலால் செடி பிழைக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் நேரில் சென்றேன். அடுக்குமாடி வீடு. எதிர்க் கட்டடமோ கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கின்றது. பிறர் பார்வை உள்ளே விழாதிருக்க எல்லா ஜன்னல்களிலும் கனத்த திரைகள். செடி ஜன்னலுக்குப் பத்தடி தள்ளி, தொலைக்காட்சிப் பெட்டியருகே அழகாக வைக்கப்பட்டிருந்தது. மண்ணைக் கிளறியதும் சாக்கடை வாடை வீசிற்று. வேர்கள் பழுப்பேறிக் குழைந்து, இழுத்தால் தோல் உரிந்து வந்தன. கொடி தாகத்தால் சாகவில்லை, மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தது.

ஊரில் அதே கொடி எங்கள் முற்றத்தின் ஓரத்தில் தொங்கிற்று. உம்மாவும் நாள்தோறும் ஒரு சொம்பு நீர்தான் ஊற்றுவார்கள். தாயும் மகளும் செய்தது ஒரே காரியம். ஓரிடத்தில் கொடி தழைத்தது, மற்றோரிடத்தில் அழுகியது. இடையில் மாறியது வெளிச்சம் ஒன்றுதான்.

செடி வெளிச்சத்தைக் கொண்டே தன் உணவைச் சமைக்கின்றது. அந்தச் சமையல் நடக்கும்போது இலைத் துளைகள் திறந்து, வேர் உறிஞ்சிய நீர் ஆவியாக வெளியேறும். வெளிச்சம் குறைந்தால் சமையல் குறையும். நீரின் செலவும் குறையும். நாம் ஊற்றியது மண்ணிலேயே தங்கிவிடும். மண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் இருந்த காற்றை நீர் வெளியேற்றிவிட, மூச்சு முட்டிய வேர் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே ஈர மண்ணில் நின்றுகொண்டே இலை வாடும். அந்த வாட்டம் தாகத்தின் வாட்டத்தைப் போலவே தோன்றுவதால் நாம் பரிவோடு இன்னொரு சொம்பு ஊற்றுகின்றோம். வீட்டுக்குள் வளரும் செடிகளில் பெரும்பாலானவை இப்படி அன்பினாலேயே மாள்கின்றன.

"எங்கள் கூடம் நல்ல வெளிச்சமாயிற்றே!" என்று நீங்கள் சொல்லக்கூடும். இங்கேதான் கண் நம்மை ஏமாற்றுகின்றது. மங்கிய இடத்தில் கண்ணின் பாவை விரிந்து சமாளித்துக்கொள்ளும். செடிக்கு அந்த வசதி கிடையாது. வெளிச்சத்தை லக்ஸ் என்னும் அலகால் அளப்பர். நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். திறந்தவெளி நிழலிலேயே பத்தாயிரத்தைத் தாண்டும். திரை போட்ட கூடத்தின் உட்பகுதியில் நூறோ இருநூறோ இருந்தால் அதிகம். நூல் வாசிக்க நமக்கு அது போதும், செடிக்கோ அது பட்டினி.

இதை அறியக் கருவி வேண்டியதில்லை. பகலில் விளக்குகளை அணைத்துவிட்டுச் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தெளியத் தெரியும் நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். விளிம்பு கலங்கிய நிழலானால் நடுத்தரம். நிழலே விழவில்லையென்றால் எந்தச் செடியும் அங்கே நெடுநாள் இராது. கைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகளும் கிடைக்கின்றன. அவற்றின் கணக்கு முன்பின் இருப்பினும் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு ஒப்பிட உதவும்.

திரையை எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் வீடுகளில் அது நடக்கக்கூடிய காரியமன்று. ஆனால் ஜன்னல் முழுவதையும் மூட வேண்டுமா? கீழ்ப்பாதிக்கு மட்டும் திரையிட்டு மேற்பாதியைத் திறந்துவிட்டால் கோஷாவும் கெடாது, மேலிருந்து வரும் ஒளி அறையின் உள்வரை பாயவும் செய்யும். கனத்த துணிக்குப் பதில் வெள்ளை மெல்லிய துணியும் ஆகும். தங்கை வீட்டில் முதலில் செய்தது இதைத்தான்.

எந்தத் திசை ஜன்னல் நல்லது? வெளிநாட்டு நூல்கள் தெற்கு ஜன்னலைப் புகழும். அவை சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்கும் குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே நிற்கும். அப்போது தெற்கு ஜன்னலில் வெயில் விழாது. நமக்குக் கிழக்கு ஜன்னலே சாலச் சிறந்தது. காலையிளவெயில் இலையைச் சுடாது. மேற்கு ஜன்னலின் பிற்பகல் வெயில் மென்மையான இலைகளைக் கருக்கிவிடும். இரண்டடி உள்ளே தள்ளி வைத்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வானமும் மூடும், காற்றும் ஈரமாகும். மே மாதத்தில் இரண்டு நாளில் காய்ந்த தொட்டி அப்போது பத்து நாளானாலும் காயாதிருக்கலாம். ஆகவே "வாரத்துக்கு இத்தனை முறை" என்று யாரேனும் கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். அங்கே ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். துளையில்லாத பீங்கான் தொட்டி பார்வைக்கு அழகு. செடிக்கு அதுவே கிணறு. அடியில் கல் பரப்பினால் நீர் வடியும் என்பதும் தவறான எண்ணம். கல்லுக்கு மேலுள்ள மண் நனைந்தேதான் கிடக்கும். மண் ஒழுகாதிருக்கத் துளைமேல் ஓர் ஓட்டுச் சில்லை வைத்தால் போதும்.

ஜன்னலே உதவாத வீடுகளுக்கு விளக்கு இருக்கின்றது. ஊதா நிறத்தில் ஒளிரும் விலையுயர்ந்த விளக்குகளைத் தேடி அலைய வேண்டாம். சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பே போதும். முக்கியமானது தொலைவு. ஒன்பது வாட் பல்பு ஓரடி உயரத்திலிருந்து இலைமேல் ஆயிரம் லக்ஸுக்கு மேல் தரும். இரண்டடிக்கு உயர்த்தினால் அது நாலில் ஒன்றாகிவிடும். கூரையில் எரியும் அதே பல்பினால் செடிக்கு யாதொரு பயனுமில்லை. சுபுஹு தொழுதபின் போட்டு மஃரிப் பாங்கு கேட்டதும் அணைத்தால் 12, 13 மணி நேரம் ஆகும். மாதம் மூன்றரை யூனிட் மின்சாரந்தான் செலவு. இரவில் இருள் வேண்டும், எரியவே விட்டுவிடாதீர்கள். பழைய குண்டு பல்பு வெப்பத்தையே மிகுதியாக உமிழும் என்பதால் இதற்கு ஆகாது.

மங்கிய ஒளியைப் பொறுப்பவை மணி பிளாண்ட், பாம்புச் செடி என்று விற்கும் சன்சிவேரியா, இசட்.இசட். செடி, அக்லோனிமா ஆகியவை. பொறுக்கும் என்றுதான் சொன்னேன், விரும்பும் என்று சொல்லவில்லை. குரோட்டன்ஸ் நர்சரியில் செம்மையும் மஞ்சளுமாய் மின்னுவதைக் கண்டு வாங்கிவந்து மூலையில் வைத்தால் நிறமிழந்து இலை கொட்டும். மருதாணியும் கறிவேப்பிலையும் வெயிலின் பிள்ளைகள். அவற்றை மாடிக்கே அனுப்பிவிடுங்கள். பிரியாணிக்கு வாங்கிய புதினாவின் தண்டுகளை நட்டு வளர்க்க விரும்புவோர் மூன்று நான்கு மணி நேரமாவது வெயில் படும் சமையலறை ஜன்னலைத் தேர்ந்துகொள்க. இல்லையேல் தண்டு நீண்டு இலை சிறுத்து மணமின்றிப் போகும்.

மணி பிளாண்ட் பற்றி ஒரு சொல். பிறர் வீட்டில் திருடி வந்து வைத்தால்தான் செழிக்கும், செல்வம் சேரும் என்று ஒரு பேச்சு உண்டு. திருட்டுப் பொருளில் பரக்கத் தேடும் விந்தையை என்னென்பது! கேட்டால் யாரும் ஒரு கிளை மறுக்கப்போவதில்லை. அறைக் காற்றைச் செடி தூய்மைப்படுத்தும் என்ற விளம்பரமும் அத்தகையதே. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆய்வு, மூடிய பெட்டிக்குள் செடிகளை வைத்துக் கண்டது அது. 2019-இல் வெளியான மறு ஆய்வு, சாதாரண அறையில் அப்பயனைப் பெறச் சதுர மீட்டருக்குப் பத்துக்கும் குறையாத செடிகள் வேண்டும் என்று கணக்கிட்டது. ஜன்னலைச் சற்றுத் திறப்பது எளிது.

போத்தலில் நீரூற்றிக் கொடி வளர்ப்போர் வாரம் ஒருமுறையேனும் நீரை மாற்றி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தெளிந்த நீர் மிகப் பிடிக்கும். தவழும் குழந்தையோ வளர்ப்புப் பூனையோ உள்ள வீட்டில் மணி பிளாண்டையும், அதைவிட மோசமான டிஃபன்பாக்கியாவையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். அவற்றின் இலையைக் கடித்தால் ஊசிபோன்ற படிகங்கள் குத்தி வாய் எரிந்து வீங்கும்.

தங்கையின் கொடியில் அழுகாத தண்டு ஒரு முழம் எஞ்சியிருந்தது. கணுவுக்குக் கீழே மூன்று துண்டுகளாக வெட்டி, கண்ணாடிக் குவளை நீரில் இட்டு, பாதித் திரையிட்ட ஜன்னலில் வைத்தோம். மூன்றாம் வாரத்தில் இரண்டில் வெள்ளை வேர் விட்டது. மண்ணுக்கு மாற்றியபின் அவள் சொம்பைத் தொடுவதற்கு முன் விரலை விட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

சென்ற ஆண்டு உம்ராவுக்குப் புறப்படுகையில், இரண்டு வாரம் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கவலைப்பட்டாள். நன்றாக நனைத்து, வடியவிட்டு, ஜன்னலிலிருந்து ஐந்தடி உள்ளே நகர்த்திவிட்டுப் போ என்றேன். வெளிச்சம் குறைந்தால் தாகமும் குறையும் அல்லவா? திரும்பி வந்தபோது மேல்மண் காய்ந்திருந்தது. கொடி பசுமையாகவே இருந்தது.