ஊணும் உறையுளும்: விடுதிப் பள்ளிகளிற் பொருளுதவி பெறும் வழி

கல்வியின் பெருமையை எடுத்துரைப்பார் நம்முட் பலர். அக்கல்வியைப் பெறுதற்கு வேண்டிய பொருளை எவ்வாறு தேடுவது என்பதை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. வீட்டை விட்டுத் தொலைவிற் சென்று விடுதியிலே தங்கிப் பயில விரும்பும் ஏழை மாணவனுக்கு இதுவே முதல் வினாவாகும். இக்காலத்தில் நம்மவர் பிள்ளைகள் சிலர் கடல் கடந்த நாடுகளின் விடுதிப் பள்ளிகளிலும் இடம் தேட முற்படுகின்றனர். அவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும், வழிகாட்டும் ஆசிரியர்க்கும், உதவ வல்ல பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு, இப்பொருளுதவியின் இயல்பை நம் வாவிக்கரை வரலாற்றிலிருந்தே தொடங்கி விளக்க முயல்வோம்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கீழ்ப்புறம் எழுவான்கரை, மேற்புறம் படுவான்கரை. பெயர்பெற்ற கல்லூரிகள் நகரிலும் எழுவான்கரையிலும் எழுந்தன. பரந்த வயல் நிலங்களோ படுவான்கரையில் அமைந்தன. நகரையும் கல்லடியையும் இணைக்கும் பாலம் 1924ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. ஆயின் படுவான்கரைக்குச் செல்லும் மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும்வரை ஓடமே கதியாயிருந்தது. நாள்தோறும் துறை கடந்து கல்லூரி சென்று மீளுதல் சிறுவர்க்கு எளிதன்று. ஆதலின் அக்கரைப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைத்தல் மட்டும் போதாது. இரவிலே படுக்க ஓர் இடமும் உண்ணச் சோறும் கிடைத்தல் வேண்டும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் சுவாமி விபுலானந்தர். 1892இற் காரைதீவிலே பிறந்து, மட்டக்களப்பு அர்ச் மிக்கேல் கல்லூரியிற் பயின்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதராகவும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கிய அடிகளார், 1924இல் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானார். தமக்குத் துறவு நல்கிய சுவாமி சிவானந்தரின் பெயரால் 1929ஆம் ஆண்டு கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் செலுத்த வேண்டிய காலம் அது. கட்டணத்துக்கே வழியற்றவர் விடுதிச் செலவுக்கு எங்கே போவர்? ஆகவே பள்ளியோடு மாணவர் இல்லமும் வேண்டப்பட்டது. வறிய பிள்ளைகளுக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் இராமகிருஷ்ண சங்கம் அமைத்த இல்லங்கள் ஊணும் உறையுளும் தந்தன. அடிகளார் 1947இல் மறைந்த பின்னர், அவரது திருமேனி அவ்வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டமை யாவரும் அறிந்ததே.

தென்னிலங்கையிலும் இதற்கு நிகரானதொரு வரலாறு உண்டு. இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, அம்பலாங்கொடைப் பகுதியைச் சேர்ந்த சிறுவராயிருந்தபோது, காலி றிச்மண்ட் கல்லூரியின் உபகாரச் சம்பளம் பெற்று, விடுதியில் இலவசமாக உண்டு உறைந்து கற்றவர். அவர் கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறிய வறிய மாணவர் அவற்றின் விடுதிகளில் தங்கிப் பயில வழி பிறந்தது. நம் பகுதிக்கு வாய்த்த வந்தாறுமூலை மத்திய கல்லூரியின் வளவிலேயே 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

இவ்விரு வரலாறுகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. கட்டணத்தை நீக்குதல் கல்வியின் கதவைத் திறப்பதாகும். ஊணும் உறையுளும் தருதலே பிள்ளையை உள்ளே அழைத்துச் செல்வதாகும். முன்னதைச் செய்து பின்னதைச் செய்யாவிடின், கதவு திறந்திருந்தும் ஏழைப் பிள்ளை வாயிலிலேயே நிற்பான். கடல் கடந்த விடுதிப் பள்ளிகளில் உதவி தேடுவோரும் இதனையே முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பிறநாட்டு விடுதிப் பள்ளிகள் வழங்கும் உதவி இருவகைப்படும். ஒன்று, திறமை நோக்கி அளிக்கும் புலமைப்பரிசில். மற்றொன்று, குடும்பத்தின் பொருள்நிலை நோக்கி அளிக்கும் உதவிநிதி. இங்கிலாந்திலே முன்னதன் பெயர் பெரிதாயினும், தொகை பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கே. பெருந்தொகை பின்னதனாலேயே கிடைக்கும். அதனை உள்நாட்டுப் பிள்ளைகளுக்கே ஒதுக்கும் பள்ளிகள் பல. மேலும், 2025 ஜனவரி முதல் அந்நாட்டுத் தனியார் பள்ளிக் கட்டணத்தின்மீது நூற்றுக்கு இருபது வீதம் வரி சேர்ந்துள்ளது. எனவே அரைக்கட்டணச் சலுகை என்ற சொற்கேட்டு மகிழ்வதற்குமுன், எஞ்சிய அரைப்பங்கு எவ்வளவு என்று கணக்கிடுதல் அறிவுடைமையாம்.

அமெரிக்காவிலே சில பழம்பெரும் பள்ளிகள் வேறு நெறியைக் கைக்கொண்டுள்ளன. 1778இல் நிறுவப்பட்ட அன்டோவர் பிலிப்ஸ் அக்கடமி 2007ஆம் ஆண்டிலும், 1781இல் நிறுவப்பட்ட பிலிப்ஸ் எக்செற்றர் அக்கடமி 2021ஆம் ஆண்டிலும், விண்ணப்பிப்பவரின் செல்வநிலையைப் பாராது மாணவரைத் தெரிவதென முடிவு செய்தன. இந்நெறி பிறநாட்டு மாணவர்க்கும் உரியது. ஆயின் உலகெங்குமிருந்து பிள்ளைகள் போட்டியிடுவதால் இடம் பெறுதல் மிக அரிது. ஏனைய பள்ளிகள் பலவற்றில், உதவி கோருதலே இடம் கிடைப்பதற்குத் தடையாகவும் கூடும்.

ஐக்கிய உலகக் கல்லூரிகள் என்னும் இயக்கத்தையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1962இல் வேல்ஸ் நாட்டிலே அத்திலாந்திக் கல்லூரியுடன் தொடங்கிய இவ்வியக்கம், பதினாறு வயதளவிலுள்ள மாணவரைப் பல நாடுகளிலிருந்தும் சேர்த்து ஈராண்டு பயிற்றுகின்றது. 1997இல் இந்தியாவிற் பூனா நகருக்கு அண்மையில் எழுந்த மகீந்திரா கல்லூரியும் இதனைச் சார்ந்ததே. பெரும்பாலும் அவ்வந்நாட்டுத் தேசியக் குழுவே மாணவரைத் தெரிந்தெடுக்கும். உதவித்தொகை குடும்பத்தின் தேவைக்கேற்ப அளவிடப்படும்.

இனி, விண்ணப்பிப்போர் கைக்கொள்ள வேண்டிய முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, முழுச் செலவையும் எழுதிப் பார்த்தல். பள்ளிக் கட்டணம், விடுதி, புத்தகம், சீருடை, குளிர்கால உடை, நோய்க் காப்புறுதி, விசாக் கட்டணம், விமானப் பயணம் ஆகியன யாவும் அதில் அடங்கும். நீண்ட விடுமுறையில் விடுதி மூடப்பட்டால் பிள்ளை எங்கே தங்குவான், யார் பொறுப்பாளர் என்பதையும் கேட்டறிதல் வேண்டும். உதவி ஓராண்டுக்கா, படிப்பு முடியும்வரைக்கா, ஆண்டுதோறும் புதுப்பித்தற்கு நிபந்தனை யாது என்பனவற்றை எழுத்திலே பெறுதல் வேண்டும்.

இரண்டாவது, வருமானத்தை மெய்யாக விளக்குதல். அப்பள்ளிகளின் படிவங்கள் மாதச் சம்பளச் சிட்டையைக் கேட்கும். வெள்ளாமை செய்வோர்க்கும் வாவியில் வலை வீசுவோர்க்கும் சம்பளச் சிட்டை ஏது? பெரும்போகத்தில் விளைந்தால் சிறுபோகத்தில் விளையாதிருக்கலாம். வெள்ளத்தால் இரண்டும் கெடலாம். இந்நிலையைக் கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றுடனும் சத்தியக் கடதாசியுடனும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் தெளிவாக எழுதி அனுப்பலாம். மிகைப்படுத்தலும் மறைத்தலும் ஆகா. குடும்பம் கொடுக்கக்கூடிய தொகை சிறிதாயினும் அதனைக் குறிப்பிடல் நன்று.

மூன்றாவது, காலம் அறிதல். செப்தெம்பரிலே தொடங்கும் அமெரிக்கப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் அவ்வாண்டு ஜனவரி மாதமளவில் விண்ணப்பம் முடிந்துவிடும். பெரும்போக வெள்ளாமை வீடு வந்து சேருமுன்னரே எல்லாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். ஆதலின் ஓராண்டுக்கு முன்பே தொடங்குதல் சாலும். ஆசிரியரும் அதிபரும் எழுதும் நற்சான்றுகள் பொதுப் புகழ்ச்சியாக அமையாது, மாணவன் செய்த செயல்களைக் குறித்து அமைதல் நலம்.

நான்காவது, இடைத்தரகரிடம் எச்சரிக்கை. உதவிப்பணம் பெற்றுத் தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரை நம்பலாகாது. ஐயமுற்றால் பள்ளிக்கே நேரில் எழுதிக் கேட்டல் வேண்டும். அமெரிக்கப் பள்ளியாயின், செலவுக்குப் பொருள் உண்டெனக் காட்டிய பின்னரே விசாவுக்கு வேண்டிய ஐ-20 என்னும் படிவம் வழங்கப்படும். ஆகவே உதவி அளிக்கும் கடிதம் கைக்கு வருமுன் காணியை ஈடு வைத்தலும் நகையை விற்றலும் பெருந்தவறாம்.

இறுதியாக, பழைய மாணவராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. 1978இன் சூறாவளியையும், நெடும் போரையும், 2004இன் ஆழிப்பேரலையையும் கண்டது நம் வாவிக்கரை. அவற்றின் பின்னர் நம்மவர் பலர் இலண்டனிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறியுள்ளனர். பெரும் பள்ளியொன்று கட்டணம் முழுவதையும் விட்டுக்கொடுத்தும், விமானச்சீட்டுக்கும் குளிர்கால உடைக்கும் வழியின்றி ஒரு பிள்ளை நின்றுவிடுதல் கூடும். அச்சிறு இடைவெளியை நிரப்புதல் நம்மால் ஆகாததன்று. பரிசுக் கேடயங்களுக்கும் விழாப் பந்தல்களுக்கும் செலவிடும் பொருளில் ஒரு பங்கையேனும் ஒதுக்கி, பயணச் செலவுக்கும் விடுதிச் செலவுக்கும் உரிய நிதியொன்றை இவ்விழா ஆண்டிலே தொடங்குவோமாக. வெளிநாடு செல்வார் ஒருவராயின், ஊரிலே விடுதி வேண்டி நிற்பார் பலர்; அந்நிதி இருசாரார்க்கும் பயன்படுதல் வேண்டும். விடுமுறையிலே பிள்ளையைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொள்ள முன்வரும் அன்பர், பொருள் கொடுப்பாரினும் குறைந்தவர் அல்லர்.

ஊணும் உறையுளும் அளித்து அறிவுக்கண் திறந்த பெரியோர் வாழ்ந்த கரை இது. அவர் தொடங்கிய பணி நம் கையிலே தளராது நடைபெறத் திருவருள் துணைநிற்பதாக.